உறைபனிக்கு ஒரு கைக்குட்டை

மார்கழி மாதத்து விடியற்காலை. விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரத்தில் நீங்கள் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். வாசலில் கோலம் போட்டாயிற்று. பூசணிப் பூ பறித்து வரும்படி அம்மா உங்களைக் கொல்லைக்கு அனுப்புகிறார். நாலு அடி வைப்பதற்குள் புல்லின் ஈரத்தில் கால்கள் நனைந்துவிடுகின்றன. பூசணி இலைகளின் மேல் முத்து முத்தாய் நீர். வைக்கோல் போரின் மேல்பக்கம் சொதசொதவென்றிருக்கிறது. இரவு வாசலில் விட்ட சைக்கிளின் இருக்கையிலும் ஈரம். ஆனால் கீற்றுப் பந்தலுக்கு அடியில் நிற்கும் அண்ணனின் சைக்கிள் காய்ந்தே இருக்கிறது. புளியமரத்தடிச் சருகுகளை மிதித்தால் சரசரக்கின்றன.

"ராத்திரி நல்ல பனி பெய்திருக்கிறது" என்கிறார் பாட்டி. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழியும் சொல்கிறார்.

பனி உண்மையிலேயே பெய்கிறதா? மழையைப் போல மேலிருந்து விழுகிறதா? பந்தலுக்கு அடியில் ஈரமில்லாததைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு கண்ணாடித் தகட்டைத் தரையிலிருந்து சிறிது உயர்த்தி வைத்தால், அதன் அடிப்பக்கமும் காலையில் நனைந்திருக்கும். புல்தரையில் பளபளப்பாகத் துலக்கிய பித்தளைத் தாம்பாளம் ஒன்றை வைத்தால், புல் நனைந்த அளவுக்கு அது நனைவதில்லை. மேலிருந்து விழும் நீர் புல்லுக்கும் தாம்பாளத்துக்கும் வேற்றுமை பாராட்டுமா?

இந்தச் சிறு கேள்விக்கு விடை தெரிந்தால் ஒரு பெரிய கேள்விக்கும் விடை தெரிந்துவிடும். அனந்தபுரத்தில் பனி காலை நனைப்பதோடு நின்றுவிடுகிறது. நம் மாநிலத்திலேயே இன்னோர் இடத்தில் அதே பனி ஒரே இரவில் தோட்டங்களைக் கருக்கிவிடுகிறது. அங்கே போய்ப் பார்ப்போம், வாருங்கள்.

வெள்ளைப் போர்வை, கறுத்த இலை

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது உதகமண்டலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்து காற்று அசையாமல் நிற்கும் இரவுகளில், அங்கே புல்வெளிகள் உப்புத் தூவியது போல் வெளுத்துவிடும். இதற்குப் பெயர் உறைபனி. இமயமலையில் விழும் வெண்பனி வேறு. அது மேகத்திலேயே உருவாகி மெய்யாகவே கீழே விழுவது. உறைபனி விழுவதில்லை, இலையின் மேலேயே உருவாகிறது.

பார்ப்பதற்கு அழகான காட்சிதான். சுற்றுலா வந்தவர்கள் மகிழ்ச்சியோடு படம் எடுத்துக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டக்காரரின் மனம் மட்டும் பதறும். வெயில் ஏறியதும் வெண்மை மறையும். அதன் பின் கொழுந்துகள் வெந்நீர் ஊற்றியது போல் துவளும். ஓரிரு நாளில் பழுப்பாகி, கருகி உதிரும். தேயிலைச் செடி செத்துவிடுவதில்லை. ஆனால் புதுக் கொழுந்து விடும்வரை பறிப்பதற்கு ஒன்றுமிருக்காது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் மட்டுமே வைத்திருக்கும் சிறு விவசாயியின் வீட்டில் அத்தனை நாளும் வருமானம் இராது. உருளைக்கிழங்குச் செடிக்கும் இதே கதிதான்.

1848இல் அமைக்கத் தொடங்கிய உதகை அரசு தாவரவியல் பூங்காவில் குளிர்காலத்தில் ஒரு வேடிக்கையைக் காணலாம். மாலையானதும் தோட்டப் பணியாளர்கள் மென்மையான மலர்ச்செடிகளின் மேல் மிலார்களைப் பரப்பி மூடுவார்கள். மிலார் என்பது புதர்ச்செடிகளை வெட்டிய சிறு கிளைகள். தேயிலைத் தோட்டங்களில் சிலர் பெரணித் தழையைப் போட்டு மூடுகிறார்கள். சிலர் துணியால் மூடுகிறார்கள்.

இங்கேதான் உங்களுக்கு ஐயம் எழ வேண்டும். மிலார் என்ன கம்பளியா? ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. அதன் வழியே காற்று தாராளமாகப் போய்வருகிறது. சுற்றியுள்ள காற்றின் குளிர் அப்படியே உள்ளே வருமே! பிறகு எப்படி அது செடியைக் காப்பாற்றுகிறது?

சிரித்த டாக்டர்

இரு நூற்றாண்டுகளுக்கு முன் லண்டனில் ஒரு மருத்துவர் இதே ஐயத்தை எழுப்பினார். அவர் பெயர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். 1757இல் அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரில் பிறந்தவர். தோட்டக்காரர்கள் செடிகளின் மேல் மெல்லிய பாயை விரிப்பதைக் கண்டு, "இவ்வளவு மெல்லிய பொருள் குளிரை எப்படித் தடுக்கும்?" என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டவர். தம்முடைய அரைகுறை அறிவின் கர்வத்தால் சிரித்ததாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அவரது சிரிப்பை நிறுத்தியவை அவருடைய வெப்பமானிகளே. தெளிந்த இரவுகளில் நண்பர் ஒருவரின் தோட்டத்துக்குச் சென்று, ஒரு வெப்பமானியைப் புல்லின் மேலும் இன்னொன்றைச் சில அடி உயரத்தில் காற்றிலும் வைத்தார். காற்றைவிடப் புல் பல டிகிரி குளிர்ந்திருந்தது. காற்று புல்லைக் குளிர்விக்கிறது என்றால், காற்றைவிடக் கீழே புல்லின் வெப்பநிலை எப்படி இறங்க முடியும்? புல் தானாகவே எங்கோ வெப்பத்தை இழக்கிறது. அப்படியானால் எங்கே?

விடை காண அவர் செய்த சோதனை மிக எளிது. புல்தரையில் நான்கு குச்சிகளை நட்டார். தரையிலிருந்து அரை அடி உயரத்தில், இரண்டடிச் சதுரமுள்ள மெல்லிய கைக்குட்டை ஒன்றை அவற்றின் மேல் விரித்துக் கட்டினார். நான்கு பக்கமும் திறந்திருந்தது. காற்று வழக்கம்போல் உள்ளே போய்வந்தது. ஆனாலும் கைக்குட்டைக்குக் கீழிருந்த புல், அருகே திறந்த வெளியில் இருந்த புல்லைவிடப் பல டிகிரி வெதுவெதுப்பாக இருந்தது! புல்லுக்கும் வானத்துக்கும் இடையே ஒரு மெல்லிய துணி வந்ததுதான் ஒரே வேறுபாடு.

உடல்நலம் குன்றிய நிலையிலும் இரவிரவாகக் கண்விழித்துச் செய்த சோதனைகளை வெல்ஸ் 1814இல் பனியைப் பற்றிய நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு ராயல் கழகம் அவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது. மூன்று ஆண்டுகளில் அவர் காலமானார்.

வானத்துக்குப் போகும் வெப்பம்

வெல்ஸ் கண்டது என்ன? எல்லாப் பொருள்களும் இரவும் பகலும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் உடலும், இந்த இதழின் தாளும், பூசணி இலையும் அப்படித்தான். பகலில் சூரியனிடமிருந்து வரவு அதிகம். இரவில் அந்த வரவு நின்றுவிடுகிறது, செலவு நிற்பதில்லை.

0 டிகிரி செல்சியசில் உள்ள ஒரு சதுர மீட்டர்ப் புல்தரை ஏறத்தாழ 315 வாட் வெப்பத்தைக் கதிராக மேலே அனுப்புகிறது. இதில் ஒரு பங்கு திரும்பி வரும். காற்றிலுள்ள நீராவியும், கரியமில வாயுவும், முக்கியமாக மேகங்களும் அந்தக் கதிர்களை உறிஞ்சிக்கொண்டு ஒரு பகுதியைக் கீழ்நோக்கி வீசுகின்றன. மேகம் மூடிய இரவில் வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிடும். அதனால்தான் மேகமூட்டமான இரவுகளில் பனி இறங்குவதில்லை. தெளிந்த, ஈரமற்ற வானமாக இருந்தாலோ, சதுர மீட்டருக்கு 80 முதல் 100 வாட் வரை பற்றாக்குறை விழும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு பழைய 100 வாட் பல்பின் அளவு வெப்பம் விடிய விடிய வானத்துக்குப் போகிறது!

இப்படிக் குளிர்ந்த இலையைத் தொடும் காற்றில் உள்ள நீராவி, இலையின் மேலேயே நீராகப் படிகிறது. ஐஸ் போட்ட தம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் போலத்தான். இதுவே பனித்துளி. பளபளக்கும் உலோகம் வெப்பக் கதிர்களை மிகக் குறைவாகவே வீசும். அதனால் அது அவ்வளவாகக் குளிர்வதில்லை, அவ்வளவாக நனைவதும் இல்லை. தாம்பாளத்தின் மர்மம் இதுதான். பனி பெய்யவில்லை, வெப்பம்தான் ஏறிப்போயிற்று.

கைக்குட்டை செய்யும் வேலையும் இப்போது விளங்கும். அது காற்றைத் தடுக்கவில்லை. இலை பார்க்கும் வானத்தை மறைத்துவிட்டது. இலை வீசும் கதிர்களைத் துணி வாங்கிக்கொண்டு, தன் அடிப்பக்கத்திலிருந்து இலையை நோக்கித் திருப்பி வீசுகிறது. வானத்துக்கு வெப்பத்தை இழக்கும் வேலையைச் செடிக்குப் பதிலாகத் துணியின் மேற்புறம் ஏற்றுக்கொள்கிறது. உதகையின் மிலாரும், அனந்தபுரத்தின் கீற்றுப் பந்தலும், புளியமரமும் செய்வது இதே வேலைதான்.

சமவெளியில் ஐஸ் செய்தவர்கள்

நம் நாட்டு மக்கள் இந்த இரவுக் கதிர்வீச்சைத் தொழிலாகவே நடத்தியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? கப்பலில் அமெரிக்க ஐஸ் வந்து இறங்குவதற்கு முன்பே, அலகாபாத் போன்ற வட இந்தியச் சமவெளி ஊர்களில் குளிர்கால இரவுகளில் ஐஸ் செய்தார்கள். தரையில் இரண்டடி ஆழத்துக்கு அகலமான பள்ளங்கள் வெட்டி, அவற்றில் உலர்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அதன் மேல் ஆழமில்லாத சிறு மண் தட்டுகளை நெருக்கமாக அடுக்கி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை மாலையில் ஊற்றிவைப்பார்கள். விடியுமுன் தட்டுகளில் ஐஸ் படிந்திருக்கும். இந்த முறையை ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775இல் ராயல் கழகத்தின் இதழில் விவரித்திருக்கிறார்.

அந்த இரவுகளில் காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலேயே இருக்கும். தண்ணீர் வானத்துக்கு வெப்பத்தை இழந்தது. மண் தட்டின் நுண்துளைகளில் கசிந்த நீர் ஆவியானதும் குளிர்ச்சிக்கு உதவியது. தரையிலிருந்து வெப்பம் ஏறி வராமல் வைக்கோல் தடுத்தது. தோட்டக்காரர் எதைத் தடுக்கப் பாடுபடுகிறாரோ, அதையே ஐஸ்காரர் வரவேற்றார். இயற்கை விதி ஒன்றுதான், பயன்படுத்தியவர்கள் வேறு.

அப்படியானால் அனந்தபுரத்திலும் ஐஸ் செய்யலாமா? முடியாது. கடலோரத்துக்கு அண்மையில் உள்ள நம் பகுதியின் காற்றில் மார்கழியிலும் நீராவி மிகுதி. இலையின் வெப்பம் சில டிகிரி இறங்கியதுமே பனித்துளி படியத் தொடங்கிவிடுகிறது. ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை வெளிவிடும். இந்த உள்ளுறை வெப்பம் இலை மேலும் குளிர்வதைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. உங்கள் காலை நனைக்கும் பனித்துளியே பூசணிக்குக் காவல்! உதகையின் குளிர்காலக் காற்று பல நாள் உலர்ந்திருக்கும். அங்கே நீராவி படியத் தொடங்குமுன் வெப்பநிலை உறைநிலைக்கே இறங்கிவிடுகிறது. அப்போது நீராவி நீராக மாறாமல் நேரே பனிப் படிகமாகப் படிகிறது. காற்று மிகவும் உலர்ந்திருந்தால் வெண்மை எதுவும் தெரியாமலே இலைகள் உறைந்து கறுத்துவிடுவதும் உண்டு.

குளிரும் தண்ணீரைப் போல் ஓடும்

உறைபனி மலையில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. குளிர்ந்த காற்று கனமானது. அமைதியான இரவில் அது சரிவுகளில் மெல்ல வழிந்து, பள்ளங்களில் குளம்போல் தேங்கும். தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களின் பெயர் குளிர்காலச் செய்திகளில் அடிக்கடி வருவது இதனால்தான். ஒரே சரிவில், மேலே உள்ள தேயிலை பச்சையாகவும் அடிவாரத்தில் உள்ளது கருகியும் நிற்பதைக் காணலாம். சரிவுக்குக் குறுக்கே அடர்ந்த வேலி போட்டால், வாய்க்காலில் அணை கட்டியது போல் குளிர்காற்று அதன் பின்னே தேங்கிவிடும். வேலியின் அடியில் ஒரு திறப்பு விட்டால் அது வழிந்தோடிப் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "உதகையில் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி" என்று செய்தி வரும், அன்றே புல்தரையில் உறைபனியும் இருக்கும். வானிலை நிலையத்து வெப்பமானி சுமார் நாலடி உயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியின் கூரை வெப்பமானிக்கு ஒரு கைக்குட்டை! திறந்த வெளியில் நிற்கும் செடிக்கு அந்த வசதி இல்லையே.

தரையை ஒட்டிய காற்றின் போக்கை ஆராய்ந்தவர்களில் நம்மவர் ஒருவர் புகழ்பெற்றவர். பாலக்காட்டைச் சேர்ந்த எல். ஏ. ராமதாஸ், சர் சி. வி. ராமனின் மாணவர். புனேயில் இந்திய வேளாண் வானிலையியலுக்கு அடித்தளமிட்டவர். 1932இல் அவரும் ஆத்மநாதனும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். தெளிந்த, அமைதியான இரவில், வெறுந்தரைக்கு மேல், மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இருப்பதில்லை. ஒரு சாண், ஒரு முழம் உயரத்தில்தான் இருக்கிறது! உலகின் பல அறிவியலறிஞர்கள் முதலில் இதை நம்பவில்லை, அளவெடுத்ததில் பிழை என்றார்கள். பிற்காலத்து ஆய்வுகள் ராமதாசின் அளவுகளை உறுதிப்படுத்தின. அந்தக் காற்றடுக்குக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. சாண் முதல் முழம் வரையான உயரம் என்பது நாற்றுகளும் இளஞ்செடிகளும் நிற்கும் உயரம் அல்லவா?

இலைக்குள் நடப்பது

0 டிகிரி ஆனவுடன் இலை உறைந்துவிடுவதில்லை. செல்லுக்குள் உள்ள நீரில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அதன் உறைநிலை சற்றுக் கீழே இருக்கிறது. பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில் உருவாகும். பிறகு அது செல்லுக்குள்ளிருக்கும் நீரை மெல்ல வெளியே இழுத்துக்கொண்டு வளரும். செல் வற்றிச் சுருங்கும், அதன் சவ்வு பழுதாகும். காலையில் பனி உருகினாலும் பழுதான சவ்வால் நீரைத் தாங்க முடியாது. இலை துவண்டு கறுப்பது இதனால்தான். பனியில் கருகிய செடி ஒரு வகையில் தாகத்தால் செத்த செடியே.

நீர் உறைய ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அது கிடைக்காவிட்டால் உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனாலும் நீர் நீராகவே நிற்கும். பல இலைகளின் மேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியம் இந்தத் தொடக்கப் புள்ளியாக அமைந்து, மைனஸ் 2 டிகிரி அளவிலேயே நீரை உறையச் செய்கிறது. அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் லிண்டோ இதை ஆராய்ந்தார். பனியை உண்டாக்கும் மரபணு நீக்கப்பட்ட அதே பாக்டீரியத்தை 1987இல் கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெரி, உருளைக்கிழங்குச் செடிகளின் மேல் தெளித்துச் சோதித்தார்கள். மரபணு மாற்றிய உயிரியைத் திறந்த வெளியில் விடலாமா என்ற பெரிய வாதம் அப்போது எழுந்தது.

குளிர் நாடுகளில் மிக அஞ்சப்படுவது நடுக்குளிர்காலத்து உறைபனி அன்று, வசந்தத்தில் பிந்தி வரும் உறைபனிதான். குளிர்காலத்தில் மரங்கள் உறங்குகின்றன, குளிருக்குப் பழகியிருக்கின்றன. ஏப்ரலில் மொட்டும் தளிரும் வெளிவந்த பிறகு ஓர் இரவு உறைந்தால் அந்த ஆண்டின் விளைச்சலே போய்விடும். 2021 ஏப்ரலில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் இப்படி நேர்ந்தபோது, கொடிகளின் நடுவே ஆயிரக்கணக்கான மெழுகுக் கொப்பரைகளை ஏற்றிவைத்து இரவெல்லாம் காவல் காத்தார்கள்.

செடியைக் காக்கும் வழிகள்

இதுவரை கண்ட விதிகளை வைத்துக்கொண்டு ஒரு தோட்டக்காரராக யோசித்துப் பாருங்கள்.

முதல் வழி மூடுவது. வெயில் சாயும் நேரத்திலேயே மூட வேண்டும். பகலில் மண் சேர்த்த வெப்பம் அப்போதுதான் உள்ளே தங்கும். மூடி இலையின் மேல் படாமல் சிறிது உயர்ந்திருப்பது நல்லது, பட்ட இடத்தில் மூடியின் குளிர் இலைக்கு இறங்கிவிடும். மெல்லிய பாலிதீன் தாளைவிடப் பருத்தித் துணியும் சாக்கும் தழையும் மேல். பாலிதீன் ஒளியை மட்டுமல்ல, வெப்பக் கதிர்களையும் பெருமளவு தன் வழியே போகவிடும்! காலையில் வெயில் ஏறியதும் மூடியை எடுத்துவிட வேண்டும், இலைக்கும் மண்ணுக்கும் வெயில் வேண்டுமே.

இரண்டாவது, மண்ணை நனைப்பது. ஈரமண் வறண்ட மண்ணைவிடப் பகலில் அதிக வெப்பத்தைச் சேமிக்கும், இரவில் அதை எளிதாக மேலே அனுப்பும். உறைபனி எதிர்பார்க்கும் நாளில் வெயில் இருக்கும்போதே நீர் பாய்ச்சினால் பயன் உண்டு.

மூன்றாவது வழி விந்தையானது: செடியைக் காக்க அதன் மேலேயே பனிக்கட்டியைப் படியவிடுவது! ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிப்படும். இரவு முழுவதும் மெல்லிய தூறலாக நீர் தெளித்துக்கொண்டே இருந்தால், அது உறைய உறைய வெப்பம் வெளிப்பட்டு, பனிக்கட்டிக்குள் இருக்கும் மொட்டு 0 டிகிரிக்கு அருகிலேயே நிற்கும். இத்தாலியின் வடகோடியில் உள்ள ஆப்பிள் தோட்டங்கள் வசந்த இரவுகளில் இப்படிக் கண்ணாடிக் கூண்டுபோல் மின்னும்.

ஆனால் இதில் ஓர் அபாயம் உண்டு. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். 600ஐ 80ஆல் வகுத்துப் பாருங்கள், ஏழரை! ஒரு கிராம் ஆவியாகிப் போனால், அந்த இழப்பை ஈடுகட்ட ஏழரை கிராம் உறைய வேண்டும். நடுவில் மோட்டார் நின்றுவிட்டாலோ, உலர்ந்த காற்று வீசினாலோ, தெளிக்காத செடியைவிடத் தெளித்த செடி மோசமாகப் பாதிக்கப்படும். தொடங்கினால் பனி உருகும்வரை நிறுத்தக் கூடாது.

புகை மூட்டம் போடுவது பல ஊர்களில் உள்ள வழக்கம். கண்ணுக்குப் புகை அடர்த்தியாகத் தெரியும். ஆனால் பூமி வீசும் வெப்பக் கதிர்களின் அலைநீளம் நாம் காணும் ஒளியின் அலைநீளத்தைப்போல் சுமார் இருபது மடங்கு. புகையின் நுண்துகள்கள் ஒளியை மறைத்தாலும் அந்த நீண்ட அலைகளை அவ்வளவாக மறைப்பதில்லை. கிடைக்கும் பயன் பெரும்பாலும் நெருப்பின் சூட்டாலும், அது காற்றைக் கலக்குவதாலும் கிடைப்பதே. பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் காற்று தரைக்காற்றைவிட வெதுவெதுப்பானது. வெளிநாட்டுப் பழத்தோட்டங்களில் உயரமான கம்பத்தில் பெரிய காற்றாடியைச் சுழலவிட்டு அந்த வெப்பக் காற்றைக் கீழே கொண்டுவருகிறார்கள்.

கருகிய இலைகளை உடனே வெட்டிவிடவும் வேண்டாம். உறைபனிக் காலம் முடியும்வரை அவை தங்களுக்குக் கீழுள்ள உயிருள்ள மொட்டுகளுக்குக் கைக்குட்டையாக இருக்கும்.

சோலை சொல்லும் பாடம்

நீலகிரியின் பழைய மலைமுகடுகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடு, சரிவுகளில் திறந்த புல்வெளி, நடுவே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை. சோலை மரங்கள் ஏன் புல்வெளிக்குள் பரவுவதில்லை? இதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புல்வெளியில் முளைக்கும் சோலைக் கன்றுக்கு மேலே திறந்த வானம், அது உறைபனியில் கருகுகிறது. சோலைக்குள் முளைத்த கன்றுக்கு மேலே தாய்மரங்களின் இலைக்கூரை. குளிர்காற்று பள்ளத்தில் தேங்கினாலும் அந்தக் கூரை உள்ளிருக்கும் வெப்பத்தை வானத்துக்கு விடுவதில்லை. உறைபனியைத் தாங்கும் சிவந்த பூ பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரம் மட்டும் புல்வெளியில் தனியே துணிந்து நிற்கிறது. சோலை மரங்களை வெட்டினால் ஒரு மரம் மட்டும் போவதில்லை. அடுத்த தலைமுறைக் கன்றுகளின் கூரையும் போய்விடுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

இந்தச் சோதனைக்கு உதகைக்குப் போக வேண்டாம். அனந்தபுரத்தில் உங்கள் வீட்டுக் கொல்லையே போதும்.

மார்கழி அல்லது தை மாதத்தில், மேகமும் காற்றும் இல்லாத ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். மரமோ வீடோ மறைக்காத புல்தரையில் நான்கு குச்சிகளை நட்டு, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டுங்கள். பஞ்சில் ஒரே எடையுள்ள மூன்று உருண்டைகள் செய்துகொள்ளுங்கள். ஒன்றைக் கைக்குட்டைக்கு அடியிலும், ஒன்றைத் திறந்த புல்லின் மேலும், ஒன்றைத் துலக்கிய பித்தளைத் தட்டின் மேலும் வையுங்கள். சூரியன் எழுமுன் மூன்றையும் நிறுத்துப் பாருங்கள். எடை கூடியிருப்பது எவ்வளவோ அவ்வளவு பனி. வெல்ஸும் கம்பளி உருண்டைகளை இப்படி நிறுத்துத்தான் பனியை அளந்தார். பள்ளியில் இரண்டு வெப்பமானிகள் கிடைத்தால் ஒன்றைத் துணிக்கு அடியிலும் இன்னொன்றைத் திறந்த வெளியிலும் புல்லின் மேல் வைத்து, மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேகமூட்டமான ஓர் இரவில் அதே சோதனையைச் செய்து, இரண்டு இரவுகளின் குறிப்புகளையும் ஒப்பிடுங்கள்.

மறுநாள் பூசணிப் பூ பறிக்கப் போகும்போது உங்கள் கால் நனையத்தான் செய்யும். "பனி பெய்திருக்கிறது" என்று பாட்டி சொன்னால் சிரிக்காதீர்கள். சிரித்த டாக்டர் கடைசியில் தோட்டக்காரர்களிடமே பாடம் கற்றுக்கொண்டார். பாட்டியைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், கைக்குட்டைக்கு அடியில் இருக்கும் காய்ந்த புல்லைக் காட்டுங்கள்.